‘வேர்ஆஸ்’ எழுதப் பழகலாம்: நம்ம ‘ஓ’ போதும்

மொரிஷியஸில் நம் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், செய்தித்தாளைப் பிரெஞ்சில் படிக்கிறார்கள், பரீட்சையை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். கட்டுரை திருத்தும்போது அவர்கள் ‘வேர்ஆஸ்’ (whereas) என்ற ஆங்கிலச் சொல்லில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். தமிழ் தெரிந்தால் இது சுலபம்.

படி 1: முதலில் தமிழில் சொல்லுங்கள்.
“போர்ட் லூயியில் வெயில், கியூர்பிப்பிலோ மழை.” அந்த ‘ஓ’தான் வேர்ஆஸ். ஒன்று கடலோரத் துறைமுகம், மற்றது நடு மேட்டுநிலம். எது சரி, எது தவறு என்ற வாதமே இங்கே இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறோம்.

படி 2: இடம் மாற்றிப் பாருங்கள்.
“கியூர்பிப்பில் மழை, போர்ட் லூயியிலோ வெயில்.” பொருள் அப்படியே நிற்கிறதா? அப்படியானால் வேர்ஆஸ் போடலாம்.

படி 3: ‘பெய்தும்’ வந்தால் நிறுத்துங்கள்.
இங்கேதான் பிரெஞ்சு நம்மை இழுத்துவிடுகிறது. ‘அலோர் கெ’ (alors que) என்ற ஒரே தொடரைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘ஓ’, ‘பெய்தும்’ என்ற இரண்டு வேலைக்கும் வைத்துக்கொள்கிறார்கள். அதனால் “மழை பெய்தும் அவர் வெளியே போனார்” என்பதற்கும் பிள்ளைகள் ‘ஹி வென்ட் அவுட் வேர்ஆஸ் இட் வாஸ் ரெயினிங்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. மழையில் போகமாட்டார் என்று நினைத்தோம், போய்விட்டார். இதில் ஒப்பீடு இல்லை, எதிர்பார்ப்பு பொய்த்திருக்கிறது. ‘பெய்தும்’, ‘படித்தாலும்’ என்று தமிழில் வந்தால் ஆங்கிலத்தில் ‘ஆல்தோ’ (although) போடுங்கள். என் மாணவர்களிடம் நான் விடாமல் கேட்பது இந்த ஒன்றைத்தான்: ‘ஓ’வா, ‘உம்’மா?

படி 4: நிறுத்தற்குறி.
வேர்ஆஸுக்கு முன்னால் காற்புள்ளி, பின்னால் எதுவும் வேண்டாம். முற்றுப்புள்ளி வைத்துவிட்டு வேர்ஆஸ் பகுதியைத் தனி வாக்கியமாக விடாதீர்கள். அது பாதி வாக்கியம்தான். புது வாக்கியமாகவே வேண்டுமென்றால் ‘ஹவ்எவர்’ எழுதி, அதன் பின்னால் காற்புள்ளி போடுங்கள்.

அப்புறம், இது கட்டுரைக்கான சொல். தோழிக்கு வாட்ஸ்அப்பில் எழுத ‘பட்’ போதும். சட்டப் பத்திரங்களின் தொடக்கத்தில் வரும் வேர்ஆஸ் வேறு: அங்கே ‘இவ்வாறு இருப்பதால்’ என்று பொருள்.

சரி, இதை நீங்களே ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்: “மொரிஷியஸ் 1968இல் விடுதலை அடைந்தது; ரீயூனியனோ இன்றும் பிரான்ஸின் பகுதி.” விடை: ‘மொரிஷியஸ் பிகேம் இண்டிபெண்டன்ட் இன் 1968, வேர்ஆஸ் ரீயூனியன் இஸ் ஸ்டில் பார்ட் ஆஃப் பிரான்ஸ்.’