டிஸ்க் எந்த மாதம் நிறையும்? குச்சிக்கிழங்கு வரத்தை வைத்துப் போடும் கணக்கு

சேலம் ஐந்து ரோட்டில் ஒரு சின்ன மென்பொருள் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரே சர்வர், 40 ஜிபி டிஸ்க், போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள். அதில் மூன்று வாடிக்கையாளர்களின் டேட்டாபேஸ்: குச்சிக்கிழங்கை அரைத்து ஜவ்வரிசி செய்யும் ஆத்தூர் பக்கத்துச் சேகோ ஆலையின் எடைமேடை, ஏற்காட்டு விடுதியின் முன்பதிவு, செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையின் வெள்ளிக் கணக்கு. டிஸ்கில் 26 ஜிபி நிறைந்துவிட்டது. மீதி எத்தனை நாளுக்கு வரும்?

போன மாத அளவையும் இந்த மாத அளவையும் கழித்து, மீதியை அதால் வகுப்பதுதான் எல்லோரும் செய்வது. இங்கே அது செல்லாது. ஆலைக்குக் கிழங்கு வரத்து அக்டோபர் முதல் மார்ச் வரை. விடுதிக்கோ ஏப்ரலும் கோடை விழா நடக்கும் மே மாதமும்தான் கூட்டம். ஒன்று ஓயும்போது இன்னொன்று ஏறுவதால், சர்வரின் மொத்த அளவை மட்டும் வரைபடமாகப் போட்டால் எட்டு மாதத்துக்குக் கோடு நேராகப் போவதுபோலத் தெரியும். அதை நம்பி யாரும் டிஸ்க் வாங்கக் கூடாது. டேபிள் டேபிளாகப் பிரித்துத்தான் கணிக்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் நிறுவுவது, கிரான் (குறித்த நேரத்தில் வேலையைத் தானாக ஓட்டுவது) எழுதுவது எல்லாம் தெரியும் என்று எடுத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: தினமும் அளந்து எழுதி வையுங்கள்

ஒரு டேபிள் போதும். தேதி, டேபிள் பெயர், மொத்த பைட், இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் அட்டவணை) பைட், இதுவரை சேர்ந்த வரிசைகளின் எண்ணிக்கை என்று ஐந்து பத்திகள். கிரானில் காலை 5 மணிக்கு ஓட விடுங்கள். நேரம் தினமும் ஒன்றாக இருப்பது முக்கியம். ஒரு நாள் காலையிலும் மறுநாள் மாலையிலும் அளந்தால் வளர்ச்சி கோணல்மாணலாக வரும். டேபிள் அளவுகளை எடுக்க ஒவ்வொரு டேட்டாபேஸுக்குள்ளும் தனித்தனியாக இணைய வேண்டும். வெளியிலிருந்து மொத்த அளவு மட்டுமே கிடைக்கும்.

அளவுக்கு எந்த ஃபங்ஷன் என்பதில்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள். 'பிஜி_ரிலேஷன்_சைஸ்' வேண்டாம். 'பிஜி_டோட்டல்_ரிலேஷன்_சைஸ்' வேண்டும். காரணம்: ஒரு வரிசை சுமார் 2 கேபியைத் தாண்டினால் போஸ்ட்கிரெஸ் அதிலுள்ள பெரிய மதிப்புகளை 'டோஸ்ட்' என்ற பக்கத்து டேபிளுக்குத் தள்ளிவிடும். முதல் ஃபங்ஷன் டோஸ்டையும் இன்டெக்ஸையும் கணக்கில் சேர்க்காது. எடைமேடையில் பாரவண்டி ஒரு படம், வெறும்வண்டி ஒரு படம், ஒவ்வொன்றும் 150 கேபி என்றால் ஒரு லோடுக்கு 300 கேபி. எடை, வண்டி எண், மாவுச்சத்துப் பாயிண்ட், தொகை எல்லாம் சேர்ந்து 300 பைட். 18,000 லோடு ஏறிய டேபிளை முதல் ஃபங்ஷன் சுமார் 5.4 எம்பி என்று காட்டும். டிஸ்கில் இருப்பதோ 5.4 ஜிபி. ஆயிரம் மடங்கு வித்தியாசம்.

வரிசை எண்ணிக்கைக்கு தினமும் 'கவுன்ட்' போட்டு டேபிள் முழுவதையும் படிக்க வைக்காதீர்கள். 'பிஜி_ஸ்டாட்_யூசர்_டேபிள்ஸ்' வியூவில் 'என்_டப்_இன்ஸ்' என்ற பத்தி, இதுவரை எத்தனை வரிசை சேர்க்கப்பட்டது என்பதைக் கூட்டிக்கொண்டே வரும். இன்றையதிலிருந்து நேற்றையதைக் கழித்தால் ஒரு நாள் வரவு. சர்வர் கரண்ட் போய் ஒழுங்கில்லாமல் நின்றால் இந்த எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். கழித்தால் மைனஸ் வரும். அந்த நாளை விட்டுவிடுங்கள்.

படி 2: ஒரு வருடம் காத்திருக்க வேண்டாம்

பருவம் தெரிய ஒரு வருட அளவு வேண்டுமே, இன்றுதான் அளக்கத் தொடங்குகிறோமே என்றால், பழைய வரலாறு டேட்டாவுக்குள்ளேயே இருக்கிறது. ஒவ்வொரு எடைச்சீட்டிலும் தேதி உண்டு. மாதவாரியாகத் தொகுத்து எண்ணுங்கள். இந்த ஒரு முறை 'கவுன்ட்' போடலாம். முந்தின பருவம் 7,200 லோடு, போன பருவம் 10,800 லோடு என்று வருகிறது. டேபிளின் மொத்த அளவை வரிசை எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு லோடுக்கு 300 கேபி. ஆக, போன பருவம் எடுத்துக்கொண்ட இடம் 3.24 ஜிபி. பழைய சீட்டுகளை யாராவது அழித்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கு குறைத்துக் காட்டும்.

7,200 பார்த்து 10,800 பார்த்து, ஒன்றரை மடங்கு என்று அடுத்த வருடத்துக்கும் பெருக்கிவிடாதீர்கள். ஆலை முதலாளியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: "புதுசா மிஷின் போடுறீங்களா? எடைமேடைல கேமரா சேர்க்கிறீங்களா?" அரவை இயந்திரம் அதே அளவுதான் என்றால் லோடு ஓரளவுக்கு மேல் கூடாது. 12,000 லோடு, 3.6 ஜிபி என்று வைக்கலாம். இரண்டு கேமரா நான்கானால் அதே 12,000 லோடு 7.2 ஜிபி ஆகும். எந்தப் புள்ளியியல் மாடலும் இதை முன்கூட்டிச் சொல்லாது. அந்த போன் அழைப்புதான் சொல்லும்.

படி 3: அழித்தும் குறையாத டேபிள்

இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள். கணிப்பு தப்பாகப் போவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

போஸ்ட்கிரெஸில் ஒரு வரிசையை அழித்தால் அது ஃபைலிலிருந்து போகாது. செத்த வரிசையாக அங்கேயே கிடக்கும். திருத்தினாலும் அப்படித்தான். பழையது செத்துக் கிடக்கும், புதியது வேறு இடத்தில் எழுதப்படும். 'வேக்குவம்' வந்து செத்த வரிசைகளின் இடத்தை மறுபடி பயன்படுத்தலாம் என்று குறித்துவைக்கும். ஆனால் அந்த இடத்தை ஆபரேட்டிங் சிஸ்டத்துக்குத் திருப்பித் தராது (ஃபைலின் கடைசிப் பக்கங்கள் முழுக்கக் காலியாக இருந்தால் மட்டும் வெட்டித் தரும்). அதனால் 2 ஜிபி பழைய டேட்டாவை அழித்த மறுநாள் டிஸ்க் அளவு அப்படியே இருக்கும். அடுத்த சில மாதம் புதிய டேட்டா அந்தக் காலி இடத்தில் போய் உட்காரும்; டேபிள் வளராது. கோடு தட்டையாக இருக்கிறதே, டேட்டா வரவு குறைந்துவிட்டது என்று நினைத்தால் ஏமாந்தீர்கள். காலி இடம் தீர்ந்த அன்று கோடு பழைய வேகத்தில் ஏறும். படி 1-ல் அளவோடு வரிசை வரவையும் எழுதச் சொன்னது இதற்காகத்தான். வரவு இருந்தும் அளவு ஏறாவிட்டால் உள்ளே காலி இடம் நிரம்புகிறது என்று பொருள். எவ்வளவு காலி என்று பார்க்க 'பிஜிஸ்டாட்டப்பிள்' எக்ஸ்டென்ஷன் போதும்.

இதற்கு நேர் எதிரான கோளாறும் உண்டு. கொலுசுப் பட்டறைக் கணக்கில் படம் கிடையாது, பெரிய டேட்டாவும் கிடையாது. வெள்ளி கொடுத்தது, கொலுசாக வந்தது, சேதாரம், கூலி, பாக்கி. பாக்கி டேபிளில் 4,000 வரிசை, ஒன்று 200 பைட்; மொத்தம் 800 கேபிகூட இல்லை. ஆனால் ஒவ்வொரு வரிசையும் ஒரு நாளில் 50 முறை திருத்தப்பட்டால் தினமும் 2 லட்சம் செத்த வரிசை, சுமார் 40 எம்பி. வேக்குவத்தைத் தானாக ஓட்டும் ஆட்டோவேக்குவம், இயல்பு அமைப்பில் 50-உடன் மொத்த வரிசையில் 20 சதவீதத்தைக் கூட்டி, அத்தனை செத்த வரிசை சேர்ந்ததும் வேலையைத் தொடங்கும். இங்கே 850. ஆகவே டேபிள் சில எம்பியில் நின்றுவிட வேண்டும்.

நிற்காமல் தினமும் 40 எம்பி ஏறினால் யாரோ ஒருவர் டிரான்சாக்ஷனை (ஒன்றாகச் சேர்ந்து முடிய வேண்டிய மாற்றங்களின் தொகுப்பு) திறந்தபடி விட்டிருக்கிறார். பில்லிங் திரையில் ஏதோ எழுதிவிட்டு, கமிட் செய்து முடிக்காமல், டீ குடிக்கப் போய் அப்படியே வீட்டுக்கும் போய்விட்ட கணினி. அந்த டிரான்சாக்ஷன் தொடங்கிய பிறகு செத்த எந்த வரிசையையும் வேக்குவம் தொட முடியாது. 'பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி'யில் 'ஐடில் இன் டிரான்சாக்ஷன்' என்ற நிலையில் மணிக்கணக்காக இருப்பது எது என்று பாருங்கள். 'ஐடில்_இன்_டிரான்சாக்ஷன்_செஷன்_டைம்அவுட்' அமைப்பை 10 நிமிடமாக வைத்தால் மறுபடி வராது. இந்த வளர்ச்சியை எதிர்காலக் கணிப்பில் சேர்க்கக் கூடாது. சரிசெய்து, வீங்கிய டேபிளை ஒரு முறை சுருக்கிவிட்டு, அன்றிலிருந்து புதிதாக அளக்கத் தொடங்குங்கள்.

சுருக்க 'வேக்குவம் ஃபுல்' இருக்கிறது. அது ஓடும்போது அந்த டேபிளை யாரும் படிக்கக்கூட முடியாது; புதிய நகல் எழுத டேபிள் அளவுக்குக் காலி டிஸ்க்கும் வேண்டும். கடை திறந்திருக்கும்போதே செய்ய வேண்டுமானால் 'பிஜி_ரீபேக்' நல்லது. டேபிளுக்குப் பிரைமரி கீ வேண்டும், டேபிளும் இன்டெக்ஸும் சேர்ந்த அளவைப்போல் இரண்டு மடங்கு காலி இடமும் வேண்டும். டிஸ்க் நிறைந்த பிறகு இரண்டுமே உதவாது.

படி 4: டேபிளில் இல்லாத ஜிபிக்கள்

எல்லா டேபிளையும் கூட்டினாலும் டிஸ்க் காட்டும் எண் வராது. மீதி பெரும்பாலும் வால் (WAL) ஃபைல்கள், அதாவது ஒவ்வொரு மாற்றத்தையும் போஸ்ட்கிரெஸ் முதலில் எழுதிவைக்கும் பதிவுகள்; அதே டிஸ்கில் போட்ட பேக்கப், லாக். 'மேக்ஸ்_வால்_சைஸ்' இயல்பாக 1 ஜிபி. ஆனால் அது இலக்குதான், உச்சவரம்பு இல்லை. ரெப்ளிகா (நகல்) சர்வரை எடுத்துவிட்டு, அது படிக்கும்வரை வால் ஃபைல்களைப் பிடித்துவைக்கும் ரெப்ளிகேஷன் ஸ்லாட்டை நீக்க மறந்தால் 16 எம்பி வால் ஃபைல்கள் முடிவில்லாமல் சேரும். பதிப்பு 13 முதல் 'மேக்ஸ்_ஸ்லாட்_வால்_கீப்_சைஸ்' உண்டு. ஆனால் இயல்பில் அது வரம்பில்லாதது. 2 ஜிபி என்று கட்டாயம் போடுங்கள். 'பிஜி_வால்' ஃபோல்டரில் கைவைத்து ஃபைல் அழிக்க வேண்டாம். டேட்டாபேஸ் மறுபடி எழுந்திருக்காமல் போகலாம்.

படி 5: தேதியாகச் சொல்லுங்கள்

40 ஜிபியில் 80 சதவீதம் 32 ஜிபி. அதுதான் எல்லை, கையில் 6 ஜிபி. ஆலைக்குப் பருவத்தில் ஒரு நாளைக்கு 20 எம்பி, ஆறு மாதத்தில் 3.6 ஜிபி. விடுதி அடையாள அட்டை நகல்களைச் சேமிப்பதால் ஏப்ரல், மே இரண்டிலும் சேர்ந்து 1.5 ஜிபி. பட்டறை கணக்கில் வராத அளவு.

அக்டோபர் 1 அன்று கணிக்கிறோம். பருவ வேகமான 20 எம்பியை வைத்து வகுத்தால் 300 நாள், அதாவது ஜூலைக் கடைசி. ஆனால் ஜூலையில் ஒரு எம்பிகூட ஏறாது. ஆகஸ்டில் அளந்து வகுத்தவருக்கு டிஸ்க் எந்நாளும் நிறையாது. மாதம் மாதமாகக் கழித்து வாருங்கள்: மார்ச் முடிவில் மீதி 2.4 ஜிபி, மே முடிவில் 0.9 ஜிபி, அடுத்த அக்டோபரில் மறுபடி வரத்து தொடங்கி 45 நாள். நவம்பர் நடுவில் எல்லை தொடும். நான்கு கேமரா வந்துவிட்டால் இந்தப் பருவத்திலேயே, பிப்ரவரிக் கடைசியில்.

இன்னொரு வலையும் இதில் இருக்கிறது. எல்லைக்கு மேல் ஒதுக்கிய 8 ஜிபி இன்று 5.4 ஜிபி டேபிளை 'வேக்குவம் ஃபுல்' செய்யப் போதும். மார்ச்சில் அந்த டேபிள் 9 ஜிபி. எல்லை தொட்ட நாளில் 8 போதாது. சதவீதத்தைவிட, மிகப் பெரிய டேபிளின் அப்போதைய அளவை ஒதுக்கீடாக வைப்பதே சரி. எச்சரிக்கை மின்னஞ்சலையும் '80 சதவீதம்' என்று அனுப்பாமல் '60 நாள் மிச்சம்' என்று அனுப்புங்கள்.

கருவி பற்றி ஒரு வார்த்தை: இதற்கு மெஷின் லேர்னிங் வேண்டாம். ஸ்ப்ரெட்ஷீட்டில் பன்னிரண்டு வரி போதும். வரைபடமாகப் பார்க்க ஆசை இருந்தால் கிராஃபனா.

படி 6: வளர்ச்சியை அறுப்பது

படங்களை டேபிளுக்கு வெளியே ஃபைலாக வைத்து, பாதையை மட்டும் டேபிளில் எழுதுவது முதல் வேலை. உடனே முடியாதென்றால் படப் பத்தியின் ஸ்டோரேஜை 'எக்ஸ்டர்னல்' என மாற்றுங்கள்; ஜேபெக் ஏற்கெனவே சுருக்கப்பட்டது, அதை மறுபடி சுருக்கப் பார்ப்பது சிபியுவுக்கு வீண் வேலை. படங்களை மாதவாரிப் பார்ட்டிஷனில் (மாதத்துக்கு ஒன்றாகப் பிரித்த துணை டேபிள்) வைத்தால் பழைய மாதத்தை 'ட்ராப்' செய்த நொடியே டிஸ்க் திரும்பக் கிடைக்கும். படி 3-ன் தொல்லை எதுவும் இல்லை. படத்தை அழிக்கலாம், பில்லை அழிக்கக் கூடாது: ஜிஎஸ்டி சட்டப்படி கணக்குகளை ஆண்டு ரிட்டர்னுக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும்.

பின்சேர்க்கை: மைஎஸ்க்யூஎல் 8-ல் இதைச் செய்பவர்களுக்கு இரண்டு நாள் ஒரே எண் வரலாம். 'இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா'வின் டேபிள் அளவுகளை அது 86,400 விநாடி, அதாவது ஒரு நாள் முழுக்க நினைவில் வைத்துக்கொண்டு பழையதையே தரும். அளக்கும் ஸ்கிரிப்டின் முதல் வரியில் அந்த செஷனுக்கு மட்டும் 'இன்ஃபர்மேஷன்_ஸ்கீமா_ஸ்டாட்ஸ்_எக்ஸ்பைரி'யை 0 ஆக்குங்கள். அங்கே மாற்றங்களைப் பதியும் பின்லாகும் இயல்பாக 30 நாள் தங்கும். படி 4-ல் வால் ஃபைலுக்குப் பதில் அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.