பேத்தி வாயில் தமிழ் வர என்ன செய்யலாம்: பக்கத்து வீட்டு அயேயோவிடம் நான் கற்றது

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் 31 வருஷம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவள் நான். அந்த அனுபவம் என் பேத்தியிடம் பலிக்கவில்லை. இங்கிலாந்தில், லெஸ்டர் நகரத்தில், மகள் வீட்டு அடுக்களையில் நின்றுகொண்டு "சாப்ட்டியா கண்ணு?" என்று கேட்பேன். "யெஸ் ஆயா" என்று பதில் வரும். நான் சொல்வது எல்லாம் அவளுக்குப் புரியும். அவள் வாயிலிருந்துதான் தமிழ் வராது.

மருமகன் வீட்டுத் தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அந்தக் காலத்திலிருந்தே அவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமைக்காரர்கள். பாரீஸ் பக்கத்தில் சார்செலில் இருந்தவரை பேத்தி பிரெஞ்சு பேசினாள். ஆறு வயதில் லெஸ்டருக்கு வந்தாள், இங்கிலீஷுக்கு மாறினாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஒன்றில் சேர்த்தார்கள். ஆண்டுவிழாவில் பாரதிதாசனைப் பற்றி இரண்டு பக்கம் தட்டுத் தடங்கல் இல்லாமல் ஒப்பித்துப் பரிசு வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் "அதுல என்னா சொன்ன, ஆயாவுக்குச் சொல்லு" என்றேன். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வரிக்கும் அர்த்தம் தெரியாது.

பக்கத்து வீட்டில் ஒரு சோமாலியக் குடும்பம். சொந்த ஊர் ஹர்கேசா. 1988-இல் அந்த நகரத்தின் மேல் அவர்கள் நாட்டு விமானங்களே குண்டு போட்டன. நடந்தே எத்தியோப்பிய எல்லை தாண்டி, முகாமில் இருந்து, பிறகு நெதர்லாந்து போனார்கள். 2000-க்குப் பிறகு நெதர்லாந்திலிருந்து லெஸ்டருக்குக் குடிவந்த ஏராளமான சோமாலியக் குடும்பங்களில் இதுவும் ஒன்று. டச்சு பேசி வளர்ந்து இங்கிலீஷுக்கு மாறிய பிள்ளைகள், எங்கள் பிள்ளைகள் மாதிரியே. ஆனால் அந்த வீட்டுப் பதினைந்து வயதுப் பெண் பாட்டியிடம் சோமாலி மொழியில் சண்டை போட்டாள், கொஞ்சினாள், பொய் சொன்னாள். பாட்டிக்கு அவர்கள் மொழியில் அயேயோ. எங்கள் பக்கத்தில் ஆயா. அந்த ஒரு ஒற்றுமையே எனக்குப் போதுமாக இருந்தது, கதவைத் தட்ட.

இரண்டு குளிர்காலம் அங்கே இருந்தேன். அந்த வீட்டில் பார்த்ததையும் எங்கள் வீட்டில் செய்து பார்த்ததையும் எழுதுகிறேன். பாரீஸிலோ லண்டனிலோ டொரொன்டோவிலோ பேரப்பிள்ளை உள்ளவர்களுக்குப் பயன்படும்.

வீட்டில் ஒருவரோடு தமிழில்தான் பேச முடியும் என்று இருக்கட்டும்

முதல் நாள் அயேயோ ஒரு தட்டில் ஏதோ சுட்டு எடுத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றார். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. எனக்குச் சோமாலி தெரியாது. அவர் சொன்னதை அவர் பேத்தி இங்கிலீஷில் சொன்னாள். அதை என் பேத்தி தமிழில் சொல்ல வேண்டியதாயிற்று. எத்தனை பிள்ளைகள், என்ன வேலை பார்த்தீர்கள், குளிர் தாங்குகிறதா என்று போய்க்கொண்டிருந்தது. அயேயோ காலைத் தொட்டு ஏதோ சொன்னார். என் பேத்தி திக்கினாள். தன் முழங்காலை மடக்கிக் காட்டி, "ஆயா, இந்த எடத்துக்கு என்னா பேரு?" என்றாள்.

மூட்டு என்றேன். அவளாக என்னிடம் தமிழ்ச் சொல் கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் சொல்லாவிட்டால் இரண்டு கிழவிகளும் ஊமையாக உட்கார்ந்திருப்போம். அந்தப் பொறுப்பு அவள் வாயைத் திறந்தது.

ஆகவே முதல் வேலை இது. வீட்டில் ஒருவராவது பிள்ளையோடு தமிழ் மட்டும் பேசுங்கள். பாட்டி தாத்தா என்றால் நல்லது. ஊரில் இருந்தாலும் போனில் அப்படியே இருங்கள். பிள்ளை இங்கிலீஷில் சொன்னால் கோபம் வேண்டாம், "ஆயாகிட்ட தமிழ்ல சொல்லு" என்று காத்திருங்கள். சிலர் பேரப்பிள்ளையோடு பேசுவதற்காகவே அறுபது வயதில் இங்கிலீஷ் கற்றுக்கொள்கிறார்கள். பாசம்தான், தெரிகிறது. ஆனால் பிள்ளைக்குத் தமிழ் தேவைப்பட்ட ஒரே இடம் அதோடு அடைபட்டுப் போகிறது.

பேசும்போது நடுவில் திருத்தாதீர்கள். "அக்கா நேத்து வந்தான்" என்றால், "அக்கா நேத்தே வந்தாளா?" என்று உங்கள் பதிலில் சரியாகச் சொல்லிவிட்டு மேலே போங்கள். காதில் விழுந்தது தங்கும்.

ஒரு எச்சரிக்கை. மொழிபெயர்க்கிற வேலை சமையல், ஊர்க்கதை, கடைச் சாமான் இவற்றோடு நிற்கட்டும். ஆஸ்பத்திரி, வீட்டு வாடகை, விசாக் கடிதம் இவற்றுக்குப் பிள்ளையை உட்கார வைக்காதீர்கள். அயேயோவின் பரிசோதனை முடிவை எட்டு வயதில் அந்தப் பேத்திதான் டாக்டரிடமிருந்து கேட்டுப் பாட்டிக்குச் சொன்னாளாம். அது தப்பு என்று அயேயோ என்னிடம் வருத்தப்பட்டார். அதையும் அந்தப் பெண்தான் தலையைக் குனிந்துகொண்டு இங்கிலீஷில் சொன்னாள்.

முறை சொல்லி அழைக்க வையுங்கள்

சோமாலி மொழியில் அம்மாவின் அக்கா, தங்கை இருவருக்குமே ஹபர்யர் என்று பெயர். சின்ன அம்மா என்று அர்த்தம், நம் சின்னம்மா மாதிரிதான். மாமாவுக்கு அப்தி, அப்பாவின் அண்ணன் தம்பிக்கு அதேர். இன்னொன்று கேட்டு உருகிப்போனேன். அம்மாவை ஹோயோ என்பார்கள். அம்மாவும் பிள்ளையை ஹோயோ என்றே கூப்பிடுவாள். நாம் மகளை "என்னம்மா", மகனை "வாப்பா" என்கிறோமே, அதே பழக்கம்.

இங்கிலீஷில் எல்லாரும் அங்கிள், ஆன்ட்டி. அதில் யார் எந்த வழி உறவு என்பது தெரியாமல் போகிறது. பிள்ளையின் செல்போனில் உறவுக்காரர் எண்களை முறைப்பெயரோடு தமிழ் எழுத்தில் பதிந்து கொடுங்கள்: வில்லியனூர் பெரியம்மா, பாகூர் மாமா, காரைக்கால் சித்தப்பா. அழைப்பு வரும்போதெல்லாம் திரையில் அந்த எழுத்து வரும். என் பேத்தி முதலில் வாசித்த தமிழ்ச் சொல் "பெரியம்மா", போன் திரையில்.

முன்னோர் பெயர்

சோமாலியர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்பா பெயர், தாத்தா பெயர், அவ்வளவுதான். கல்யாணமானாலும் பெண் பெயர் மாறாது. நம் தலைப்பெழுத்து (இனிஷியல்) முறைக்கு நெருங்கின உறவு. மேல்நாட்டு ஆபீசில் தாத்தா பெயர் குடும்பப் பெயராகிவிடுகிறது. நமக்கும் அதே கதை. புதுச்சேரியில் 1881 ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்துக்குள் போனவர்கள் குடும்பப் பெயர் ஒன்றைப் புதிதாக எடுத்துக்கொண்டார்கள். அப்படி வந்த பெயருக்குக் கதை உண்டு. பிள்ளையிடம் சொல்லுங்கள்.

அயேயோ வீட்டுச் சின்னப் பையன் அப்பா, அப்பாவின் அப்பா என்று பதினைந்து தலைமுறையை மூச்சுவிடாமல் சொல்வான். அதற்கு அப்திர்சி என்று பெயர். எங்கள் வீட்டில் நான்கு தலைமுறைக்கு மேல் எனக்கே தெரியவில்லை. சரி, நாலே போதும் என்று ஆரம்பித்தோம். ஒவ்வொரு பெயருக்கும் ஓர் ஊர், ஒரு வேலை, ஒரு நடந்த கதை. அவர்கள் பட்டியல் அப்பா வழியில் மட்டும் போகும். நான் அம்மா வழியையும் சேர்த்தேன். நெசவு நெய்த கொள்ளுப்பாட்டியை விட்டுவிட்டு என்ன பட்டியல்?

ஒன்றை மட்டும் சேர்க்காதீர்கள், சாதியை. அந்தப் பதினைந்து பெயரும் கடைசியில் கபீல் என்கிற குலத்தில் போய் முடிகிறது. 1991-இல் அரசு விழுந்த பிறகு அந்தக் குலத்தின் பெயரால் ஓடின ரத்தம் கொஞ்சமில்லை. "இவனுக்குப் பேரெல்லாம் சொல்லிக்கொடுப்பேன், யாரை வெறுக்கணும்னு சொல்லிக்கொடுக்க மாட்டேன்" என்றார் அயேயோ. நானும் அதே முடிவில்தான் இருக்கிறேன்.

எழுத்துக்கு முன்னால் வாய்

தமிழாசிரியை சொல்கிறேன் என்று கோபிக்க வேண்டாம். அ, ஆ எழுத அவசரப்படாதீர்கள். சோமாலி மொழிக்கு லத்தீன் எழுத்தை அரசு முறையாக அறிவித்தது 1972-இல்தான். 1974-75-இல் பள்ளி மாணவர்களைக் கிராமங்களுக்கும் மேய்ச்சல் நிலங்களுக்கும் அனுப்பிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். அயேயோவும் அப்படி ஒரு மாணவனிடம் மரத்தடியில் படித்தவர். அதற்கு முன்பே அவருக்கு நூற்றுக்கணக்கான அடி கவிதை மனப்பாடம்.

அந்தக் கவிதையின் இலக்கணத்தைக் கேட்டபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. முதல் அடியில் எந்த ஒலியைப் பிடித்தார்களோ, அதே ஒலி கடைசி அடிவரை ஒவ்வோர் அடியிலும் வரவேண்டும். அதாவது மோனை. உயிரெழுத்துகள் எல்லாம் ஒன்றுக்கொன்று மோனையாக நிற்கும். நம் இலக்கணத்தில் அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம், இ, ஈ, எ, ஏ ஓர் இனம் என்று பிரிப்போமே, அதைவிடத் தாராளம். பெண்கள் பாடுவதற்குப் புரான்புர் என்று தனி வகையே இருக்கிறது. கல்யாண வீட்டில் கொட்டு அடித்துப் பாடுவார்கள்.

அன்றிரவே விளையாட்டாக்கினோம். ஒரு மாலைக்கு ஓர் எழுத்து. இன்று "க" என்றால் எல்லாரும் அதிலேயே பேச முயல வேண்டும். "கத்தரிக்காய் கருகுது, கரண்டியைக் கொடு கண்ணு" என்றேன். பேத்தி யோசித்து, "கரண்டி காணோம், கையால கிண்டு!" என்றாள். வகுப்பில் மோனை என்றால் பாடப்புத்தகத்தை மூடிவிடுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். இவள் படுக்கப் போகும்வரை "க" சொல் தேடினாள்.

விடுகதை, கதை இரண்டும் அப்படித்தான். அயேயோ கதை தொடங்கும் முன் "ஷேக்கோ ஷேக்கோ, ஷேக்கோ ஹரீர்" என்பார். கதை கதை, பட்டுக் கதை என்று பொருள். நான் "ஒரு ஊர்ல..." என்று இழுத்து நிறுத்துவேன். பேத்தி "ம்" கொட்டினால்தான் மேலே போவேன். தினம் ஒரு குரல் செய்தியாக வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும். ஒரு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். முடிவைச் சொல்லாமல் விடுங்கள், மறுநாள் அவர்களே கேட்பார்கள்.

மாவு

அன்று தட்டில் வந்தது அஞ்ஜேரோ. இரவே கரைத்துப் புளிக்க வைத்த மாவைக் கல்லின் நடுவில் ஊற்றி, கரண்டியின் அடியால் சுற்றிச் சுற்றி இழுத்து, மூடி, ஒரு பக்கம் மட்டும் வேகவைப்பார்கள். மேலெல்லாம் ஆப்பம் மாதிரி கண் கண்ணாக இருக்கும். நல்லெண்ணெயும் சர்க்கரையும் தொட்டுச் சாப்பிடுவார்கள். தோசைக்கு நான் சின்ன வயதில் தொட்டுக்கொண்டது அதேதான்.

பிள்ளைக்கு அடுக்களையில் நிரந்தரமாக ஒரு வேலை கொடுங்கள். எங்கள் வீட்டில் மாவு பேத்தியின் பொறுப்பு. குளிரில் மாவு பொங்காது, ஓவன் அடுப்பைச் சூடுபடுத்தாமல் உள்விளக்கை மட்டும் போட்டு அதற்குள் வைப்பாள். கரை, கலக்கு, பொங்குது, புளிச்சிடுச்சு, வார், திருப்பு. இந்தச் சொற்களை நான் ஒருநாளும் பாடமாக நடத்தவில்லை. ஊரிலிருந்து போகும்போது வடவ உருண்டை கொண்டுபோய்க் கொடுத்தேன். குழம்பில் தாளித்த வாசனைக்கு அயேயோவே சுவர் தாண்டி வந்து கேட்டார்.

ஊருக்கு வரும் ஆறு வாரம்

ஜூலை, ஆகஸ்டில்தான் அவர்களுக்கு விடுமுறை. கடற்கரையில் போட்டோ எடுத்து, பிரெஞ்சுத் தெருவில் ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்து அனுப்பிவிடாதீர்கள். தெருமுனைக் கடைக்குத் தனியாக அனுப்புங்கள். கடைக்காரரிடம் முன்னாலேயே சொல்லி வையுங்கள், இங்கிலீஷில் பேசவேண்டாம் என்று. என் பேத்திக்கு முதல் நாள் கால் கிலோ துவரம்பருப்பு. மூன்றாம் வாரம் பெரிய மார்க்கெட்டில் சங்கரா மீனுக்கு விலை கேட்டாள். ஆடி ஐந்தாம் வெள்ளிக்கு வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேருக்குக் கூட்டிப்போனேன். பார்க்க மட்டும் என்றில்லை, நீர்மோர் கொடுக்கிற பந்தலில் டம்ளர் கழுவ நிறுத்தினேன்.

உறவுக்காரர்களிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கக்கூடாது என்று. அவள் "பழம்" சொன்னதைக் கேட்டு ஒருவர் சிரித்தார், கெட்ட எண்ணமில்லை. மூன்று நாள் அவள் தமிழில் வாய் திறக்கவில்லை. இங்கேயே பிறந்தவர்களில் எத்தனை பேருக்கு ழகரம் வருகிறது?

"ஒரு வருஷம் இங்கேயே விட்டுட்டுப் போ, சரியாயிடும்" என்றும் சொல்வார்கள். வேண்டாம். சோமாலியர்களில் அதற்கு ஒரு பெயரே இருக்கிறது, தகன் எலிஸ், பண்பாட்டுக்குத் திருப்புவது. அடங்காத பிள்ளையை விடுமுறை என்று அழைத்துப்போய் அங்கேயே விட்டுவிடுவது. சிலரைப் பூட்டி வைத்து அடித்ததும் வெளியே வந்திருக்கிறது. ஊரைத் தண்டனையாகக் காட்டினால் அந்தப் பிள்ளை ஊர்ப் பெயரையே வெறுக்கும்.

பிள்ளை வளர்ந்து இங்கிலீஷில் எழுதினாலும் கலங்காதீர்கள். லண்டனில் வளர்ந்த வார்சன் ஷயர் இங்கிலீஷில்தான் கவிதை எழுதுகிறார், சோமாலியர்கள் அவரைத் தங்கள் கவிஞர் என்றே சொல்கிறார்கள்.

இந்தக் குளிர்காலம் நான் போகவில்லை, மூட்டுவலி. ஞாயிற்றுக்கிழமை எங்களுக்கு மதியம் மூன்றரை, அவர்களுக்குக் காலை பத்து, அப்போது போன் வரும். இரண்டு பெண்களும் ஒரே திரையில் உட்கார்ந்திருப்பார்கள், பின்னால் அயேயோ. போன வாரம் அயேயோ ஒரு விடுகதை போட்டார்: சோமாலியிலிருந்து இங்கிலீஷுக்கு, இங்கிலீஷிலிருந்து தமிழுக்கு வந்து சேர்ந்தது. விடை ஒட்டகத்தைப் பற்றியது என்று மட்டும் பேத்தி துப்புக் கொடுத்திருக்கிறாள். ஞாயிற்றுக்குள் நான் கண்டுபிடித்தாக வேண்டும்.