குழந்தைக்கு வயிற்றுவலியா? அழுகைச் சத்தத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்

"வயிறு வலிக்குது" என்று பிள்ளை சொன்னால் வீட்டில் பெரும்பாலும் இரண்டு பதில்தான். ஒன்று, பள்ளிக்கூடம் போகாமல் இருக்கச் சாக்கு. இன்னொன்று, வாயுதான், சரியாகிவிடும். பல நாள் இரண்டாவது பலித்தும்விடுகிறது. குழந்தைகளின் வயிற்றுவலிக்கு அடிக்கடி மலச்சிக்கல்தான் காரணம். ஆனால் பலித்துப் பழகிவிட்டதால், பலிக்காத நாளிலும் அதையே சொல்லிக்கொண்டிருப்போம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சத்தத்தை அளவுகோலாக வைப்பதுதான். மலச்சிக்கலில் ஊரையே கூட்டிய பிள்ளை, வெளிக்குப் போய்வந்ததும் விளையாட ஓடிவிடும். குடல்வால் அழற்சி வந்த பிள்ளையோ முழங்காலை மடக்கிக்கொண்டு, பேசக்கூடப் பிடிக்காமல் சுருண்டு கிடக்கும். அசைந்தால் வலிக்கும், அதனால் வந்த அமைதி அது. "எழுந்து ஒரு குதி குதி, பார்க்கலாம்" என்று சொல்லிப் பாருங்கள். குதிக்க மறுத்தாலோ, குதித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாலோ கிளம்பிவிடுங்கள். குதித்துவிட்டால் மட்டும் ஒன்றுமில்லை என்று ஆகிவிடாது. தொப்புளைச் சுற்றித் தொடங்கிய வலி சில மணி நேரத்தில் வலது அடிவயிற்றுக்கு இறங்குவதுதான் இந்த நோயின் வழக்கமான போக்கு. சில சமயம் வலி சட்டென்று குறையும்; அப்பாடா என்று இருக்கும். குடல்வால் வெடித்ததாலும் அப்படிக் குறையலாம். 5 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது, வெடிக்கும் வாய்ப்பும் அதிகம்.

கைக்குழந்தையின் கதை வேறு. வீறிட்டு அழும், காலை வயிற்றோடு இழுத்துக்கொள்ளும், பிறகு ஓய்ந்துவிடும். 15, 20 நிமிடம் கழித்து மறுபடியும் அதே அழுகை. இடையில் சாதாரணமாக இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிடுவோம். குடலின் ஒரு பகுதி இன்னொன்றுக்குள் செருகிக்கொண்டால் இப்படித்தான் விட்டுவிட்டு வலிக்கும். சிவப்பு ஜெல்லி போல மலம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருக்காதீர்கள். அது தாமதமாக வரும் அறிகுறி.

வலி வயிற்றில் என்பதற்காக வயிற்றை மட்டும் பார்ப்பதும் தவறு. பையன்கள் வெட்கப்பட்டு அடிவயிறு என்றுதான் சொல்வார்கள்; விதைப்பைக்குள் விதை முறுக்கிக்கொண்டிருக்கலாம். சுமார் 6 மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் விதையைக் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். அதனால் கால்சட்டையைக் கழற்றிப் பார்த்தே ஆக வேண்டும். ஓயாத தாகம், அடிக்கடி சிறுநீர், கூடவே வாந்தி என்றால் சர்க்கரை நோயாக இருக்கலாம். வேகமாக மூச்சு வாங்கினால் நுரையீரலில் சளி பிடித்திருக்கலாம்.

அப்புறம் மருந்து. காரணம் தெரியாத கடும் வலிக்குப் பேதி மருந்தும் எனிமாவும் கூடாது. டாக்டர் சொல்லாமல் ஆஸ்பிரின் குழந்தைகளுக்குக் கொடுக்கவே கூடாது. ஆனால் டாக்டருக்கு நோய் தெரியாமல் போய்விடுமே என்று பயந்து பாராசிட்டமால்கூடக் கொடுக்காமல் துடிக்க விடுவதும் வேண்டாம். எடைக்கேற்ற அளவில் கொடுத்தால் அது நோயை மறைத்துவிடாது. கொடுத்த நேரத்தை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

பச்சை நிற வாந்தி, மலத்திலோ வாந்தியிலோ ரத்தம், பலகை போல இறுகிய வயிறு, எழுப்பினாலும் சோர்ந்து விழுவது, 8 மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, வயிற்றில் அடிபட்டது, பட்டன் பேட்டரியையோ காந்தத்தையோ விழுங்கியது: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

மாதக்கணக்கில் வந்துபோகும் வலிக்கு இந்த அவசரம் தேவையில்லை. பிள்ளை நன்றாகச் சாப்பிட்டு வளர்கிறது என்றால் டாக்டரிடம் நேரம் வாங்கிக்கொண்டு நிதானமாகவே போகலாம். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, எடை குறைவது என்றால் சீக்கிரம் காட்டுங்கள். மனக்கவலையில் வரும் வலியும் நிஜமாகவே வலிக்கும், நடிப்பு என்று திட்டாதீர்கள்.

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, பாவம், வெறும் வயிறாக இருக்கிறதே என்று எதையாவது ஊட்டிவிடாதீர்கள். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் அது இடைஞ்சல். வாந்தியையோ டயப்பரையோ மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். "லேசான பச்சையா, மஞ்சளா?" என்று டாக்டர் கேட்கும்போது நாம் முழிப்போம், அந்தப் படம் பதில் சொல்லிவிடும்.