உறவு கெடாமல் பழைய சக ஊழியரை வேலைக்கு அழைப்பது எப்படி?

எங்கள் குழுவுக்கு ஒரு மூத்த டெஸ்டர் தேவைப்பட்டபோது, பழைய அலுவலகத்தில் என்னோடு வேலை பார்த்த ஒருவர்தான் முதலில் நினைவுக்கு வந்தார். இப்போது அவர் எங்களோடு இருக்கிறார். எங்கள் இருவருக்கும் மேலாளராக இருந்தவர் இன்றும் போன் எடுத்துப் பேசுகிறார். நான் செய்ததை வரிசையாக எழுதுகிறேன். நேர்காணல், ரெஸ்யூமே எல்லாம் உங்களுக்கே தெரியும்.

1. உங்கள் பழைய ஆஃபர் லெட்டரைப் படியுங்கள்

அவருடையதை அல்ல, உங்களுடையதை. வேலையை விட்டபின் குறிப்பிட்ட காலம்வரை அங்குள்ள ஊழியர்களை அழைக்கக்கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்கலாம்.

போட்டி நிறுவனத்தில் சேரக்கூடாது என்ற தடை, வேலையை விட்டபின் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. கிரிக்கெட் வீரர் ஜாகிர் கான் தொடர்பான வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றமும், ஒப்பந்தம் முடிந்தபின் தொடரும் தடை செல்லாது என்றது. ஆனால் ஆட்களை இழுக்கக்கூடாது என்பது வேறு வகை. அதே 2006இல் விப்ரோ - பெக்மன் கூல்டர் வழக்கில், இரண்டு நிறுவனங்கள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட அப்படியொரு நிபந்தனை 27ஆம் பிரிவுக்குள் வராது என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. கெடு முடியவில்லையா? காத்திருங்கள்.

2. போனில் பேசுங்கள்

லிங்க்ட்இன் மெசேஜ் எனக்குப் பிடிப்பதில்லை. பழகியவருக்கு அது ஏஜென்சிக்காரர் அனுப்பியதுபோல் இருக்கும். அலுவலக மெயில், டீம்ஸ் பக்கமே போகாதீர்கள். மாலையில் சொந்த எண்ணுக்குக் கூப்பிட்டு, வேலை என்ன, சம்பளம் ஏறக்குறைய எவ்வளவு, எங்கள் குழுவில் என்ன கஷ்டம் என்று மூன்றையும் சொல்லிவிடுங்கள். பழைய அலுவலகத்தைக் குறை சொல்ல வேண்டாம், அவர் இன்னும் அங்கேதான் சம்பளம் வாங்குகிறார்.

கிராஜுவிட்டியையும் (வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை) மறக்காமல் கேளுங்கள். நிரந்தர ஊழியருக்கு 5 ஆண்டுச் சேவை வேண்டும். அடிப்படைச் சம்பளமும் அகவிலைப்படியும் சேர்த்து 52,000 ரூபாய் என்றால், 15/26 கணக்கில் (மாதத்தை 26 நாளாக வைத்து, ஆண்டுக்கு 15 நாள் சம்பளம்) ஆண்டுக்கு 30,000, ஐந்து ஆண்டுக்கு ஒன்றரை லட்சம். சில மாதம் முன்னால் வரச்சொல்லி அந்தப் பணத்தை அவர் இழக்கும்படி செய்யக்கூடாது. சேரும் தேதியைத் தள்ளிவைக்க உங்கள் ஹெச்.ஆரிடம் நீங்களே பேசுங்கள்.

3. ஒதுங்கிக்கொள்ளுங்கள்

பழக்கம் உண்டு என்பதை ஹெச்.ஆரிடம் எழுத்தில் சொல்லிவிட்டு, நேர்காணல் குழுவில் உட்காராதீர்கள். அவர் தேறாமல் போனாலும் நட்பு மிஞ்சும்.

4. பழைய மேலாளரிடம் எப்போது சொல்வது?

எனக்குப் பெரிய தயக்கம் இங்கேதான். அவர் என்னை வளர்த்துவிட்டவர். முன்கூட்டியே அனுமதி கேட்பது மரியாதை என்று தோன்றும். ஆனால் அப்படிக் கேட்டால், நண்பர் இன்னும் முடிவே எடுக்காத நிலையில் அவர் வேலை தேடுகிறார் என்ற செய்தி மேலிடத்துக்குப் போய்விடும். அப்ரைசல், பதவி உயர்வு எல்லாம் அடிபடும். அந்த ரகசியம் நண்பருடையது.

அதனால் வரிசை இதுதான்: ஆஃபர் கையில் வரட்டும், நண்பர் தானே போய் ராஜினாமா சொல்லட்டும், அன்று மாலையே நீங்கள் கூப்பிடுங்கள். அடுத்த வாரம் வேறொருவர் வாயால் தெரிந்தால்தான் மனது புண்படும். நான் பேசியது ஏறக்குறைய இப்படி: “சார், அவர் எங்க கம்பெனிக்குத்தான் வர்றார். வேலை இருக்குன்னு சொன்னது நான்தான். நோட்டீஸ் பீரியட் முழுசா முடிச்சுட்டுத்தான் வருவார், தன் வேலையை அடுத்தவருக்குச் சொல்லிக்கொடுக்கறதையும் ஒழுங்கா செஞ்சுடுவார்.” கொஞ்ச நேரம் அமைதி. அப்புறம், “என்கிட்ட நேரா சொன்னியே, அது போதும்” என்றார்.

அந்த வாக்கைக் காப்பாற்றுங்கள். 90 நாள் என்றால் 90 நாள். உங்கள் மேலாளர் பை-அவுட் (மீதி நோட்டீஸ் நாட்களுக்குப் பணம் கட்டி முன்னதாக அழைத்துக்கொள்வது) பேச்சை எடுத்தாலும், பழைய இடம் மனதார ஒத்துக்கொண்டால் மட்டும் சரி சொல்லுங்கள்.

பின்சேர்க்கை: பழைய நிறுவனம் நம் கிளையண்டாகவோ வெண்டராகவோ இருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அப்போது இரண்டு நிறுவனங்களின் ஒப்பந்தத்திலேயே ஆள் எடுக்கத் தடை இருக்கலாம். நண்பரிடம் வாய் திறப்பதற்கு முன்பே உங்கள் சட்டப் பிரிவிடம் கேட்டுவிடுங்கள். இன்னொரு கேள்வி, சேர்ந்தவர் தன் பழைய குழுவிலிருந்து அடுத்த ஆளைப் பரிந்துரைத்தால்? அவருடைய ஆஃபர் லெட்டருக்கும் முதல் படி பொருந்தும். அதே குழுவிலிருந்து உடனே இரண்டாவது ஆளை நான் எடுக்க மாட்டேன்.