என்எஃப்எஸ் 4: உங்கள் கணினியில் எந்த டொமைன் இருக்கிறது என்று பார்ப்பது எப்படி?

என்எஃப்எஸ் (நெட்வொர்க் வழியாகக் கோப்புகளைப் பகிரும் முறை) சர்வரில் குமார் பெயரில் இருக்கும் கோப்பு, அதை மவுண்ட் செய்த (இணைத்துக்கொண்ட) லினக்ஸ் கணினியில் மட்டும் ‘நோபடி’ என்று காட்டுகிறதா? பெர்மிஷனில் கை வைக்குமுன் டொமைனைப் பாருங்கள்.

என்எஃப்எஸ் 3-இல் உரிமையாளர் வெறும் எண்ணாகத்தான் போவார். 4-இல் ‘குமார்@எக்சாம்பிள்.காம்’ என்று பெயராகவும் போகலாம். @-க்குப் பின்னால் உள்ளது பெறும் கணினியின் டொமைனோடு ஒத்துப்போகாவிட்டால், இரு பக்கமும் குமார் இருந்தும் பயனில்லை. கோப்பு 65534 எண்ணுள்ள நோபடியின் கணக்கில் போய்விடும்.

(கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். ‘-டி’ என்பதில் உள்ள டி, ‘டொமைன்’ என்ற ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து.)

படி 1: சர்வர், கிளையண்ட் (மவுண்ட் செய்த கணினி) இரண்டிலும் இதை ஓட்டுங்கள்:

சூடோ என்எஃப்எஸ்ஐடிமேப் -டி

இப்போது நடப்பில் உள்ள டொமைன் ஒரே வரியில் வரும். டெபியன், உபுண்டுவில் கட்டளையே இல்லை என்றால் என்எஃப்எஸ்-காமன் பேக்கேஜை நிறுவுங்கள்; ரெட் ஹேட் வகையில் என்எஃப்எஸ்-யூட்டில்ஸ். டெபியனில் சூடோ போடாமல் அடித்தாலும் ‘கமாண்ட் நாட் ஃபவுண்ட்’ வரலாம், ஏனென்றால் நிரல் இருப்பது /யூஎஸ்ஆர்/எஸ்பின்-இல்.

படி 2: அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது? /ஈடிசி/ஐடிமேப்டி.கான்ஃப் கோப்பைத் திறந்து, [ஜெனரல்] பகுதியில் ‘டொமைன் =’ வரியைப் பாருங்கள். புதியவர்கள் இடறுவது இங்கேதான். வரியின் முதலில் # இருந்தால் அது வெறும் குறிப்பு; அதில் ‘லோக்கல்டொமைன்’ என்று எழுதியிருப்பதை நம்பிவிடாதீர்கள். அப்போது கணினியின் டிஎன்எஸ் டொமைனே எடுத்துக்கொள்ளப்படும். அதைப் பார்க்க: ஹோஸ்ட்நேம் -டி. இது காலியாக வந்தால் யூகத்துக்கு விடாமல் கோப்பிலேயே எழுதிவிடுவதுதான் நல்லது.

படி 3: இரு கணினியின் டொமைனும் வேறுபட்டால் #-ஐ நீக்கி, இரு கணினியிலும் ஒரே பெயரை எழுதுங்கள். சர்வரில்:

சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் என்எஃப்எஸ்-ஐடிமேப்டி

கிளையண்டில்:

சூடோ என்எஃப்எஸ்ஐடிமேப் -சி

இரண்டாவதை விட்டுவிட்டு ‘மாற்றியும் சரியாகவில்லை’ என்பவர்கள் அதிகம். பழைய விடை கீரிங்கில் (கெர்னலின் தற்காலிக நினைவகத்தில்) இயல்பாக 600 விநாடி தங்கும்; -சி அதைத் துடைக்கிறது. பிறகு எல்எஸ் -எல் போட்டுப் பாருங்கள்.

டொமைன் வெவ்வேறாக இருந்தும் பெயர்கள் சரியாகத் தெரிகின்றனவா? கிளையண்டில் இதைப் படியுங்கள்:

கேட் /சிஸ்/மாட்யூல்/என்எஃப்எஸ்/பாராமீட்டர்ஸ்/என்எஃப்எஸ்4_டிசேபிள்_ஐடிமேப்பிங்

‘ஒய்’ என்று வந்து, கெர்பராஸ் (பயனரைப் பாதுகாப்பாக அடையாளம் காணும் முறை) இல்லாமல், பயனர் எண்ணை அப்படியே நம்பும் செக்=சிஸ் முறையில் மவுண்ட் ஆகியிருந்தால், 4-ஆம் பதிப்பிலும் எண்தான் போகிறது; டொமைனுக்கு அங்கே வேலையில்லை. அந்த நிலையில் கோப்பு வேறொருவர் பெயரில் தெரிந்தால், இரு பக்கமும் ‘ஐடி குமார்’ அடித்து யூஐடியை (பயனர் எண்ணை) ஒப்பிடுங்கள். ஒன்றில் 1001, மற்றதில் 1002 என்றிருந்தால் கோளாறு அதுதான்.