வயிற்றில் பிள்ளையோடு டிஸ்னி வேர்ல்டு: பை காக்கும் வேலை நமக்கு வேண்டாம்

கர்ப்பிணி ஒருத்தி குடும்பத்தோடு தீம் பார்க் போனால் என்ன நடக்கும் என்று நம் வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். மற்றவர்கள் ஆளுக்கொரு ரைடுக்கு ஓடுவார்கள். "நீ இங்கேயே நிழல்ல உட்காரும்மா, இதைக் கொஞ்சம் பார்த்துக்கோ" என்று பைகளும் தண்ணீர் பாட்டில்களும் தொப்பிகளும் அவள் மடிக்கு வந்து சேரும். நூறு டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய டிக்கெட்டில் அவள் பார்ப்பது காவல் வேலை. அது தேவையே இல்லை. நாளை அவளைச் சுற்றி அமைத்தால் மற்றவர்களுக்கும் ஒன்றும் குறைந்துவிடாது.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஆறு மாதமாக இருந்தபோது ஃப்ளோரிடாவின் ஓர்லாண்டோவில் இருக்கும் டிஸ்னி வேர்ல்டுக்குப் போனோம். கணவர், ஐந்து வயது மகள், மதுரையிலிருந்து வந்திருந்த அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்), டல்லாஸிலிருந்து வந்து சேர்ந்துகொண்ட நாத்தனார். அங்கே கண்டதையும், என் மருத்துவரிடம் கேட்டுத் தெளிந்ததையும் வைத்தே இதை எழுதுகிறேன். உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் டிக்கெட் போடாதீர்கள். நச்சுக்கொடி கீழே இருக்கிறது, ரத்த அழுத்தம் ஏறுகிறது, முன்பு குறைமாதப் பிரசவம் ஆகியிருக்கிறது என்றால் பதில் வேறாக இருக்கும்.

எப்போது போவது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் முடியும் வரை நல்ல காலம். மசக்கை அடங்கியிருக்கும், வயிறு இன்னும் நடையைத் தடுக்காது. வளைகாப்பு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் முதுகு வலியும் கால் வீக்கமும் சேர்ந்துகொள்ளும். சிக்கல் இல்லாத கர்ப்பத்தில் 36 வாரம் வரை எப்போதாவது விமானத்தில் போவது பாதுகாப்பானது என்று அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் அமைப்பான ஏகாக் சொல்கிறது. ஆனால் கடைசி மாதங்களில் சில விமான நிறுவனங்கள் மருத்துவர் கடிதம் கேட்கும். நடைவழி ஓரத்து இருக்கையாக வாங்கிக்கொள்ளுங்கள், அவ்வப்போது எழுந்து நடங்கள், பெல்ட்டை வயிற்றுக்கு மேல் போடாமல் அடிவயிற்றுக்குக் கீழே, இடுப்பெலும்போடு ஒட்டிப் போடுங்கள்.

மாதத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு பேச்சு: ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். 33 டிகிரி வெயில், சென்னை மாதிரியே வியர்த்துக் கொட்டும் ஈரப்பதம், பிற்பகலானால் இடியோடு மழை. பொங்கல் முடிந்து ஜனவரிப் பின்பாதியில் போனால் காற்று இதமாக இருக்கும்.

ரைடுகளுக்கு வருவோம். ஒவ்வொரு ரைடின் வாசலிலும் எச்சரிக்கைப் பலகை இருக்கும். கர்ப்பிணிகள் ஏறக் கூடாதென்றால் அதில் எழுதியிருக்கும், டிஸ்னியின் ஆப்பிலும் பார்க்கலாம். காரணம் எளிது. வண்டி சட்டென்று கிளம்பி, சட்டென்று நின்று, குலுங்கும்போது கர்ப்பப்பை ஒரு பக்கம் இழுபடுகிறது. நச்சுக்கொடி சுவரிலிருந்து பிரிந்துவிடும் ஆபத்து அப்போதுதான். கார் விபத்தில் சிக்கிய கர்ப்பிணியை, வெளியே காயமே இல்லாவிட்டாலும், மருத்துவமனையில் வைத்துக் கவனிப்பது இதற்காகத்தான். இதைச் சோதித்துப் பார்க்க யாரும் கர்ப்பிணிகளை ரோலர் கோஸ்டரில் ஏற்றப்போவதில்லை. அதனால் 'இவ்வளவு வேகம் வரை பரவாயில்லை' என்று எவராலும் கோடு போட்டுத் தர முடியாது. வயிறு தெரியாத மாதங்களில் உங்களை நிறுத்திக் கேட்க ஆள் இருக்காது, பலகைதான் இருக்கும். அதை மதியுங்கள்.

டிஸ்னி வேர்ல்டுக்குள் பல பார்க்குகள் உண்டு. அதில் மேஜிக் கிங்டமில் ஸ்பேஸ் மௌண்டன், பிக் தண்டர், ட்ரான், ஏழு குள்ளர்களின் சுரங்க ரயில் என்ற ரோலர் கோஸ்டர்கள் எல்லாம் வேண்டாம். குழந்தைகள் கார் ஓட்டும் டுமாரோலேண்ட் ஸ்பீட்வேயும் இதே பட்டியலில்தான் வருகிறது. பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் பின்னால் வரும் கார் வந்து முட்டும்.

சரி, மிச்சம் என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. 1971-இல் பார்க் திறந்த காலத்து ரைடுகள் பலவும் மெதுவாகப் போகிறவை. இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்டு படகு, ஹாண்டட் மேன்ஷன், பீட்டர் பான், ஜங்கிள் குரூஸ் எல்லாம் உட்கார்ந்தபடியே ரசிக்கலாம். ஹாண்டட் மேன்ஷன் வாசலில் அத்தை தயங்கினார். "மாசமா இருக்கறப்ப பேய் வீட்டுக்கெல்லாம் போகலாமாம்மா?" என்றார். உள்ளே இருப்பது இருட்டும் பாட்டும் கண்ணாடி வித்தையும்தான். ஒரு நொடி திடுக்கிடுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அத்தையே பிறகு இன்னொரு தடவை போகலாமா என்று கேட்டார்.

எனக்கு மிகவும் பிடித்தது பீப்பிள்மூவர். உயரத்தில் மெல்ல ஓடும் திறந்த வண்டி, சுமார் பத்து நிமிடம். அது ஸ்பேஸ் மௌண்டன் கட்டிடத்துக்குள்ளேயே நுழைந்து போகிறது. இருட்டில் கீழே கோஸ்டர் பறக்கும் சத்தமும் அலறலும் கேட்கும், நம் மேல் காற்று வீசும், நாம் அசையாமல் உட்கார்ந்திருப்போம். அந்த நேரத்தில் என் கணவர் உள்ளே கத்திக்கொண்டிருந்தார் என்று நினைக்கவே எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கால் ஓய வேண்டுமென்றால் ஏறுவதற்கு இதைவிட நல்ல இடம் அந்தப் பார்க்கில் இல்லை. ஒரு கவனம்: இதிலும் ஹாண்டட் மேன்ஷனிலும் நகரும் தளத்தில் நடந்துதான் ஏற வேண்டும். அவசரப்படாமல் கைபிடித்து ஏறுங்கள். பயமாக இருந்தால் ஊழியரிடம் முன்பே சொல்லுங்கள், எப்படி ஏறுவது என்று வழி காட்டுவார்கள்.

எப்காட் கர்ப்பிணிக்கென்றே கட்டியது போன்ற பார்க். லிவிங் வித் த லேண்ட் என்ற படகு கண்ணாடிப் பசுமைக்குடில்களுக்குள் ஊர்ந்து போகும். மண்ணில்லாமல் தொங்கும் கொடிகள், மரம் போல் வளர்த்த கத்தரி. தோட்டம் வைத்திருக்கும் அத்தை படகைவிட்டு இறங்க மனமில்லாமல் இருந்தார். பெரிய உருண்டைக்குள் இருக்கும் ஸ்பேஸ்ஷிப் எர்த்தும் மெதுவானதுதான். டெஸ்ட் ட்ராக், மிஷன் ஸ்பேஸ் பக்கம் போகாதீர்கள். பதினொரு நாடுகளின் அரங்குகள் ஏரியைச் சுற்றி இருக்கின்றன. முழுச் சுற்று ஏறத்தாழ 2 கிலோமீட்டர், வேடிக்கை பார்த்தபடி நடந்தால் அது இன்னும் நீளும். பாதி நடந்து, மீதிக்கு ஏரியைக் கடக்கும் படகைப் பிடியுங்கள்.

அனிமல் கிங்டமில் பலரும் ஏமாறுவது ஒரே இடத்தில். பெயர் பெற்ற கிளிமஞ்சாரோ சஃபாரி லாரி மேடு பள்ளத்தில் குதித்துக் குதித்துப் போவதால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. விலங்குகளைப் பார்க்க வேறு வழி உண்டு. பார்க்குக்குள்ளேயே மகாராஜா ஜங்கிள் ட்ரெக் என்ற நடைபாதையில் புலிகளைப் பார்க்கலாம், கொரில்லாக்களுக்கும் தனிப் பாதை இருக்கிறது. அதைவிட நல்லது, பக்கத்திலுள்ள அனிமல் கிங்டம் லாட்ஜ் ஹோட்டலில் சனா என்ற உணவகத்தில் முன்பதிவு செய்துவிட்டுப் போவது. ஜன்னலுக்கு வெளியே ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். நாண் ரொட்டிகளும் சட்னிகளும் சேர்ந்த தட்டு வரும். குலுக்கல் இல்லாத சஃபாரி என்று அதைத்தான் சொல்வேன்.

வரிசையைப் பற்றி ஒன்று. நம் ஊர்க் கோயிலிலும் பேங்கிலும் "புள்ளத்தாச்சி, வழி விடுங்க" என்று முன்னே விடுவார்கள். இங்கே அப்படி எதிர்பார்க்க வேண்டாம். கர்ப்பிணி என்பதற்காகத் தனி வரிசை கிடையாது. நீண்ட வரிசைகளைக் காசு கொடுத்துக் குறைக்கும் லைட்னிங் லேன் இருக்கிறது. நாள் முழுக்க நிற்பதைவிட, பார்க் திறக்கும் நேரத்துக்கே போய்ப் பிற்பகலில் வெளியே வந்துவிடுவது மேல். வரிசையில் நிற்கும்போது பாத்ரூம் வந்தால் வீட்டார் நிற்கட்டும், ஊழியரிடம் சொல்லிவிட்டுப் போய் வாருங்கள். கூச்சப்பட்டு அடக்காதீர்கள், சிறுநீர்த் தொற்று கர்ப்பத்தில் வேண்டாத தொல்லை.

இப்போது பை காக்கும் விஷயம். டிஸ்னியில் ரைடர் ஸ்விட்ச் என்று ஓர் ஏற்பாடு உண்டு. ரைடில் ஏறாத ஒருவரோடு ஒரு பெரியவர் இருக்க, மற்றவர் போய்வந்ததும் இவர் முழு வரிசை நிற்காமல் ஏறலாம். ரைடு வாசலில் கேட்டால் பதிவு செய்து தருவார்கள். எங்களுக்கு இது ரொம்ப உதவியது. கணவர் போகும்போது நாத்தனார் என்னோடும் மகளோடும் இருப்பார், அப்புறம் மாறிக்கொள்வார்கள். யாரும் என்னைத் தனியே விட்டுவிட்டுப் போகவில்லை. காத்திருக்கும் நேரத்தையும் பெஞ்சில் கழிக்காதீர்கள். மகளைக் கூட்டிக்கொண்டு அருகில் ஒரு காட்சிக்குப் போய்விடுவேன். மிக்கீஸ் ஃபில்ஹார்மேஜிக், கரௌசல் ஆஃப் ப்ராக்ரஸ் இரண்டும் ஏசி அரங்குகள். பின்னது 1964-ஆம் ஆண்டு நியூயார்க் உலகக் கண்காட்சிக்காகச் செய்தது, அரங்கமே சுற்றும், நாம் உட்கார்ந்தே இருப்போம். பைகள் லாக்கரில் இருக்கட்டும்.

நடை நிறைய. மேஜிக் கிங்டமுக்கு நம் காரில் போனால் பார்க்கிங்கிலிருந்து நேரே வாசல் வராது, அங்கிருந்து மோனோரயிலோ படகோ பிடிக்க வேண்டும். டிஸ்னி ஹோட்டலில் தங்கினால் பஸ் வாசலருகே விடும். எனக்கு அந்தக் கூடுதல் செலவு தகும் என்றே பட்டது. வீல்சேர் வாடகைக்குக் கிடைக்கிறது. நம் பெண்கள் அதற்குச் சங்கடப்படுகிறார்கள், 'எனக்கென்ன நோயா?' என்கிறார்கள். நோய் இல்லை, ஒரு பிள்ளையைச் சுமந்து நாளெல்லாம் நடக்கிறீர்கள். வேண்டுமென்றால் எடுங்கள். கால் வீங்கும் என்பதால் அரை அளவு பெரிய, முன்பே போட்டுப் பழகிய ஷூ நல்லது. ஒவ்வொரு பார்க்கிலும் முதலுதவி மையம் இருக்கிறது. தலை சுற்றினால் அங்கே போய்ப் படுக்கலாம், செவிலியர் இருப்பார்கள்.

தண்ணீர் குடிப்பதில் கஞ்சத்தனம் கூடாது. ஒரு நாளைக்கு 8 முதல் 12 கப் என்பது ஏகாக்கின் கணக்கு, வெயிலில் நடந்தால் மேல்பக்கம் வையுங்கள். உடம்பில் நீர் வற்றினால் வயிறு இறுகி இறுகி விடும், அது பயமுறுத்தும். குளிர்பானம் விற்கும் கவுண்டர்களில் ஐஸ் தண்ணீர் இலவசமாகக் கேட்டு வாங்கலாம், பாட்டிலுக்குக் காசு கொடுக்க வேண்டாம்.

வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி உண்டு. நமக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, பெட்டியில் உதிரி ஐஸ் போடக் கூடாது, ஐஸ் பேக் வைக்கலாம். அத்தை மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவிய இட்லி கட்டினார். தயிர் சாதம் என்றால் ஐஸ் பேக்கோடுதான். 32 டிகிரிக்கு மேல் வெயிலில் குளிர்ச்சி இல்லாமல் ஒரு மணி நேரம் இருந்த சாப்பாட்டைத் தொடாதீர்கள், கர்ப்பத்தில் வயிற்றுக்கோளாறு விளையாட்டில்லை. பொட்டுக்கடலை, முறுக்கு மாதிரி ஏதாவது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். உணவகத்தில் பச்சை மீன், சூடு செய்யாத இறைச்சித் துண்டுகள், காய்ச்சாத பாலில் செய்த சீஸ் மூன்றையும் தவிருங்கள்.

டோல் விப் என்ற அன்னாசி ஐஸ் அங்கே பிரபலம். "அன்னாசியா? வேணவே வேணாம்மா" என்று அத்தை கையைப் பிடித்தார். பழுத்த அன்னாசியைச் சாப்பாட்டு அளவில் சாப்பிடுவதால் கரு கலையும் என்பதற்கு ஆதாரம் இல்லை. என் மருத்துவரும் அதையே சொன்னார். நெஞ்செரிச்சல் வேண்டுமானால் வரலாம். நான் ஒன்று சாப்பிட்டேன். அத்தைக்காக இரண்டாவது வாங்கவில்லை. அவருடைய பயமும் என் பிள்ளை மேல் உள்ள பாசம்தானே.

வெளியூரில் இருப்பதால் இதை மட்டும் எழுதி ஃபோனில் வையுங்கள்: ரத்தம், நீர் கசிவு, ஓய்வெடுத்தும் நிற்காமல் ஒழுங்கான இடைவெளியில் வரும் வயிற்றிறுக்கம், கடுமையான தலைவலி, பார்வை மங்கல், ஒரு காலில் மட்டும் வலியோடு வீக்கம், பிள்ளை அசைவு குறைதல். எது வந்தாலும் பார்க் அன்றோடு முடிந்தது. ஊழியரிடம் சொல்லுங்கள், அல்லது அவசர உதவி எண்ணான 911-ஐ அழையுங்கள். ஓர்லாண்டோவில் பெண்களுக்கும் பச்சிளம் குழந்தைகளுக்குமான வின்னி பாமர் மருத்துவமனை இருக்கிறது. எந்த மருத்துவமனை உங்கள் இன்ஷூரன்ஸில் வருகிறது என்று கிளம்பும் முன்பே பாருங்கள். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், பயண இன்ஷூரன்ஸ் பலவற்றில் கர்ப்பம் சார்ந்த செலவு சேராது.

அடுத்தடுத்து இரண்டு நாள் பார்க்குக்குப் போகாதீர்கள். நடுவில் ஒரு நாள் ஹோட்டல் நீச்சல் குளம். தண்ணீரில் மிதக்கும்போது வயிற்றின் பாரம் முதுகைவிட்டு இறங்கும், அந்தச் சுகத்துக்கு எந்த ரைடும் ஈடில்லை. குளத்தருகே இருக்கும் வெந்நீர்த் தொட்டியில் மட்டும் இறங்க வேண்டாம். உடல் வெப்பம் 39 டிகிரியைத் தாண்டுவது கருவுக்கு நல்லதல்ல. வீட்டாருக்கு அன்றும் பார்க் வேண்டுமென்றால் போய்வரட்டும், அவரவர் பையை அவரவர் தூக்கிக்கொண்டு.