கோல் வேணுமா, ஃபார்வர்டை இறக்கு! ஃபுட்பால் மேட்ச் பேசுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன சனிக்கிழமை ராத்திரி வியாசர்பாடியில் ஒரு டீக்கடை பெஞ்சில் நாலு பையன்கள் ஒரே போனில் பிரிமியர் லீக் மேட்ச் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தோற்றுக்கொண்டிருந்தது அவர்களுடைய டீம். எழுபதாவது நிமிடம் தாண்டியதும் ஒருவன் தொடையில் அடித்துக்கொண்டு, "நடுவுல நிக்கிறவனை எடுத்துட்டு இன்னொரு ஸ்ட்ரைக்கரை இறக்குடா, எதுக்குடா பெஞ்சுல உட்கார வெச்சிருக்க!" என்று கோச்சைத் திட்டினான். மற்ற மூன்று பேரும் ஆமாம் போட்டார்கள். எனக்கு டீ இறங்கவில்லை. அதே வார்த்தையை நானும் சொல்லியிருக்கிறேன், சொன்னதோடு நிற்காமல் செய்தும் பார்த்திருக்கிறேன்.

ஆஃப்சைடு புரியாமல் கத்துவது, ஆள் மாற்றிப் பெயர் சொல்வது, இதெல்லாம் பத்து மேட்ச் பார்த்தால் தானாகச் சரியாகிவிடும், அதை விட்டுவிடலாம். வருஷக்கணக்கில் பார்த்த பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கும் சில தவறுகள் இருக்கின்றன, நான் சொல்ல வந்தது அவற்றை.

பந்தை மட்டும் பார்ப்பது

பந்து வலது விங்கில் இருக்கும்போது இடது பேக், அதாவது இடது பக்கம் தடுக்கிறவன், எங்கே நிற்கிறான் என்று ஒரு தடவை பாருங்கள். டிவியில் முழு கிரவுண்டும் தெரியாதுதான், ஆனால் கோல் கிக் எடுக்கும்போதும் த்ரோ போடும்போதும் கேமரா பின்னால் போகும், அந்த நாலைந்து நொடி போதும். நேரு ஸ்டேடியத்தில் சென்னையின் எஃப்சி மேட்சுக்கு டிக்கெட் எடுத்தால், கோலுக்குப் பின்னால் உயரமான படியில் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு டீமும் ஒரே துணியைப் பிடித்து இழுப்பது மாதிரி மொத்தமாக நகர்வது அங்கிருந்து நன்றாகத் தெரியும்.

கோல் வேண்டும் என்றால் ஃபார்வர்டைச் சேர்ப்பது

இதைப் பற்றித்தான் நிறையப் பேச வேண்டும்.

எங்கள் ஏரியா டீமுக்கு ஒரு காலத்தில் நான்தான் ஆள் மாற்றுவேன். ஒரு டோர்னமென்ட், செமி ஃபைனல், ஒன்றுக்கு சைபர் என்று பின்னால் இருக்கிறோம், இன்னும் இருபத்தைந்து நிமிடம் பாக்கி. சென்டர் ஹாஃபில், அதாவது நடுவில், ஆடியவர் ஹார்பரில் வேலை பார்க்கும் ஒரு அண்ணன். பெரிதாக ஓட மாட்டார், கோலும் அடிக்க மாட்டார், நடு வட்டத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டிருப்பார். எனக்கு அவர் சும்மா நிற்பதாகத்தான் பட்டது. அவரை வெளியே கூப்பிட்டு, காலில் பயங்கர வேகம் உள்ள ஒரு பையனை முன்னால் அனுப்பினேன். இரண்டு நிமிடம் கழித்து இன்னொரு ஹாஃபையும் எடுத்துவிட்டு இன்னொரு ஃபார்வர்ட். முன்னால் இப்போது நாலு பேர். வெளியே நின்ற எங்கள் ஆட்கள் கை தட்டினார்கள்.

அப்புறம் நடந்தது இதுதான். முன்னால் நாலு பேரும் வரிசையாக நிற்கிறார்கள், ஒவ்வொருவன் முதுகிலும் ஒரு பேக் ஒட்டி நிற்கிறான். எங்கள் பேக்குகளுக்குப் பந்தைக் கொடுக்க நடுவில் ஆளே இல்லை, அதனால் தூக்கி அடிக்கிறார்கள். எதிர் டீமின் நடு பேக் தலையால் தட்டுகிறான், பந்து நேராக நடு வட்டத்தில் வந்து விழுகிறது. அண்ணன் இருந்திருந்தால் அது அவர் காலடி. இப்போது அங்கே அவர்கள் ஆட்கள் மூன்று பேர். விழுந்த பந்தை எடுத்தார்கள், எங்கள் பேக் இரண்டு பேரை நோக்கி ஓடி வந்தார்கள். ஒரு தடவை இல்லை, ஐந்தாறு தடவை அச்சு அசலாக இதே மாதிரி. நாலுக்கு சைபரில் முடிந்தது.

மேட்ச் முடிந்து அந்த அண்ணன் கிரவுண்டு ஓரத்தில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றி, இரண்டு லேஸையும் சேர்த்து முடிச்சுப் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டார். கோபமே இல்லாமல் என்னிடம், "தம்பி, என்னை எடுத்தது தப்பில்ல. என் இடத்துல ஒருத்தனை நிறுத்தியிருக்கணும்ல?" என்றார். அந்த செமி ஃபைனலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

இதில் வேலை செய்கிற கணக்கு எளிதுதான். கோல் அடிக்கத் தேவைப்படுவது பந்து பெனால்டி ஏரியாவுக்குப் பக்கத்தில் திரும்பத் திரும்ப வருவது, போன பந்து உடனே திரும்பக் கிடைப்பது. இரண்டையும் செய்துதருகிறவன் நடு ஆள். அவனை எடுத்துவிட்டு முன்னால் கூட்டம் சேர்த்தால் எதிர் டீமின் பேக்குகள் இன்னும் பின்னால் போய் நெருக்கமாக நிற்பார்கள், உங்கள் ஃபார்வர்டுகளுக்கு ஏற்கெனவே இருந்த இடமும் போய்விடும்.

இஸ்தான்புல் 2005 சாம்பியன்ஸ் லீக் ஃபைனலைப் பற்றிப் பேசாத லிவர்பூல் ரசிகர் கிடையாது, ஆனால் அதில் என்ன மாற்றம் நடந்தது என்று கேட்டால் பாதிப் பேர் "வெறி வந்து ஆடினாங்க" என்கிறார்கள். இந்திய நேரப்படி நள்ளிரவு பன்னிரண்டேகாலுக்கு ஆரம்பித்த மேட்ச். எதிரே ஏசி மிலான். முதல் நிமிடத்திலேயே அவர்களுடைய மால்டினி அடித்தார், இடைவேளைக்கு முன் கிரெஸ்போ இரண்டு. மூன்றாவது கோலை மறுபடி போட்டுப் பாருங்கள்: நடுவில் காகா ஜெரார்டைச் சுற்றிவிட்டுத் திரும்பி நீளமாக ஒரு பாஸ் போடுகிறார், அவரைத் தடுக்கப் பின்னால் ஒரு ஆள் இல்லை. மூன்றுக்கு சைபர் என்று தோற்றுக்கொண்டிருக்கும் டீம் இடைவேளையில் யாரை இறக்கும்? நம் டீக்கடைப் பையனிடம் விட்டிருந்தால் இரண்டு ஸ்ட்ரைக்கர் வந்திருப்பார்கள். லிவர்பூல் கோச் பெனிடெஸ் இறக்கியது ஹாமனை. தடுப்பாட்டம் ஆடும் மிட்ஃபீல்டர்! வெளியே போனவர் வலது பேக் ஃபின்னன், பின்னால் மூன்று பேராகச் சுருக்கிக்கொண்டு நடுவில் ஒரு ஆளைக் கூட்டினார்கள். காகா ஓடிய இடத்தில் ஹாமன் நின்றார், ஜெரார்டுக்கு முன்னால் போக விடுதலை கிடைத்தது. 54வது நிமிடம் ஜெரார்ட் தலையால் அடித்தார், 56ல் ஸ்மிட்சர், 60ல் பெனால்டி. கட்டூசோ தள்ளிவிட்டு அந்தப் பெனால்டி கிடைத்ததும் பாக்ஸுக்குள் ஓடிய ஜெரார்டுக்குத்தான். அலோன்சோ அடித்த பெனால்டியை கோல்கீப்பர் தடுத்தார், திரும்பி வந்த பந்தை அலோன்சோவே உள்ளே தள்ளினார். ஆறு நிமிடத்தில் மூன்று கோல். கடைசியில் பெனால்டி ஷூட் அவுட்டில் கப்பையும் எடுத்தார்கள்.

இதைச் சொன்னால் உடனே ஒருவர் 1999ஐ எடுத்துக்கொண்டு வருவார். பார்சிலோனாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் ஃபைனலில் மேன்செஸ்டர் யுனைடெட் பேயர்ன் மியூனிக்கிடம் ஒரு கோல் பின்னால் இருந்தபோது யுனைடெட் கோச் ஃபெர்குசன் ஷெரிங்காமையும் சோல்ஷாரையும் இறக்கினாரே, இரண்டு பேரும் தொண்ணூறு நிமிடம் முடிந்து சேர்த்துக்கொடுத்த நேரத்தில் அடித்தார்களே என்று. நியாயமான கேள்விதான். ஆனால் சோல்ஷார் வந்தது ஆண்டி கோல் என்கிற ஆட்டக்காரருக்குப் பதிலாக, ஸ்ட்ரைக்கருக்கு ஸ்ட்ரைக்கர். ஷெரிங்காம் வந்தது இடது விங்கில் ஆடிய ப்ளோம்க்விஸ்டுக்குப் பதிலாக, நடுவில் நின்ற நிக்கி பட்டும் பெக்காமும் கடைசிவரை இருந்தார்கள். அப்படியும் ஷெரிங்காம் வந்த பிறகு என்ன ஆனது? பேயர்னின் ஷோல் தூக்கிப் போட்ட பந்து போஸ்டில் பட்டது, யான்கர் தலைகீழாக அடித்தது கிராஸ்பாரில் பட்டது. அந்த இரண்டில் ஒன்று உள்ளே போயிருந்தால் இன்றைக்கு அந்த மாற்றத்தை யாரும் உதாரணம் காட்டியிருக்க மாட்டார்கள். கடைசியில் வந்த இரண்டு கோலும் கார்னரில் இருந்து வந்தவை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

சும்மா நிற்பது மாதிரித் தெரிகிறவரை விற்றுவிட்ட கதையும் உண்டு. 2003ல் ரியல் மாட்ரிட் பெக்காமை வாங்கிவிட்டு, நடுவில் தடுத்து ஆடும் மக்கலேலேயை செல்சீக்கு விட்டுக்கொடுத்தது. முன்னால் ஜிடான், ஃபிகோ, ரொனால்டோ, ரவுல் என்று எல்லாரும் இருந்தார்கள். அதற்கப்புறம் ஸ்பானிஷ் லீக் அவர்கள் கைக்கு வந்தது 2007ல்.

ஆகவே இறக்கப் போகிறவன் யார் என்று கத்துவதற்கு முன்னால், வெளியே போகிறவன் செய்த வேலையை இனி யார் செய்வார் என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேளுங்கள். அவர் பதில் சொல்லட்டும்.

4-3-3ஆ, 4-2-3-1ஆ?

ஆட்டக்காரர்கள் பின்னாலிருந்து முன்னால்வரை எப்படி வரிசையாக நிற்கிறார்கள் என்கிற கணக்கு இது. பந்து நம்மிடம் இருக்கும்போதா, இல்லாதபோதா? அதைச் சொல்லுங்கள் முதலில்.

பந்து எத்தனை சதவீதம் நம்மிடம் இருந்தது என்று மார்தட்டுவது

2022 கத்தார் உலகக் கோப்பையில் ஜப்பானிடம் பந்து இருந்தது மேட்ச்சின் ஐந்தில் ஒரு பங்கு நேரம் கூட இல்லை, ஸ்பெயினை 2-1 என்று அடித்தது. அதே ஸ்பெயின் அடுத்து மொராக்கோவுக்கு எதிராக ஆயிரத்துக்கும் மேல் பாஸ் போட்டு ஒரு கோலும் அடிக்காமல், பெனால்டியிலும் ஒன்றுகூடப் போடாமல் வீட்டுக்குப் போனது. பந்து எவ்வளவு நேரம் இருந்தது என்பதை விட எங்கே இருந்தது என்று பாருங்கள். நம் இரண்டு பேக்குகளுக்கு நடுவிலேயே மாறி மாறிப் போனால் அதுவும் அந்தச் சதவீதத்தில்தான் சேரும்.

கார்னர் வந்ததும் வாட்ஸ்அப்பைத் திறப்பது

2018 மார்ச்சில் பெங்களூரில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) ஃபைனல் ஞாபகம் இருக்கிறதா? பெங்களூரு எஃப்சியின் சேத்ரி ஒன்பதாவது நிமிடத்திலேயே அடித்துவிட்டார், ஊர் முழுக்க அவர்கள் ரசிகர்கள். சென்னையின் எஃப்சி 3-2 என்று கப்பைத் தூக்கியது. அதில் இரண்டு கோல் மெயில்சன் ஆல்வெஸ் கார்னரில் தலையால் முட்டியவை, அவர் ஆடியது பேக்கில். யார் யாரை மறிக்கிறார்கள், யார் ஓடி வருகிறான் என்று அடுத்த கார்னரில் பாருங்கள்.

ஸ்ட்ரைக்கர் கோல் அடிக்கவில்லை என்று திட்டுவது

அவன் கூடவே எத்தனை பேக் ஓடினார்கள் என்று எண்ணினீர்களா?

வீடியோ கேமில் ஜெயித்த டீமை நிஜத்தில் கேட்பது

வேண்டாம்.

கலாய்ப்பதில் எல்லை தாண்டுவது

கலாய்ப்பது எனக்குப் பிடிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தோற்ற டீமின் ரசிகனை எழுப்பி "டீ சாப்பிட வரியா மச்சான், ஸ்கோர் பேசலாம்" என்று கூப்பிடுவதில் ஒரு சுகம் இருக்கத்தான் செய்கிறது. அவனும் அடுத்த வாரம் எனக்குச் செய்வான், அதனால் கணக்கு நேராகிவிடும். கருமி, பயந்தாங்கொள்ளி, கப்பு இல்லாத டீம் என்று எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம்.

ஆனால் 1958 மியூனிக் விமான விபத்தையும் 1989 ஹில்ஸ்பரோவையும் எடுத்துக் கலாய்க்கிற பையன்களை இங்கேயும் பார்க்கிறேன். எங்கேயோ கேட்ட பாட்டை அர்த்தம் தெரியாமல் பாடுகிறார்கள். மியூனிக்கில் ஓடுபாதையிலிருந்து மேலே எழும்ப முடியாமல் விமானம் நொறுங்கி 23 பேர் போனார்கள், அதில் எட்டுப் பேர் யுனைடெட் ஆட்டக்காரர்கள், டங்கன் எட்வர்ட்ஸுக்கு வயது 21. ஹில்ஸ்பரோவில் மேட்ச் பார்க்கப் போன 97 லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் சிக்கி இறந்தார்கள், பத்து வயதுப் பையன் ஒருவனும் அதில் உண்டு. டீக்கடையில் அன்றைக்கு இடைவேளையின்போது ஒருவன் அந்தப் பாட்டை ஆரம்பித்தான். பக்கத்தில் உட்கார வைத்து இதைச் சொன்னேன். பாதியிலேயே, "அண்ணா, எனக்கு இது தெரியாதுண்ணா" என்று நிறுத்திவிட்டான். அப்புறம் ஸ்ட்ரைக்கரை இறக்கச் சொன்னதும் அவன்தான், அதற்கு ஹாமன் கதையைச் சொல்ல இன்னொரு டீ வாங்க வேண்டியிருந்தது.